ஸ்க்ரூ இழுக்கவில்லையா? ஆர்பிஎம்மைத் தொடும் முன் பேரல் பிடிப்பைப் பாருங்கள்

"அண்ணே, மெட்டீரியல் இழுக்க மாட்டேங்குது" என்று எக்ஸ்ட்ரூடர் ஆபரேட்டர் சொன்னதும் பெரும்பாலான யூனிட்டுகளில் முதலில் நடப்பது ஆர்பிஎம் (ஸ்க்ரூ சுற்றும் வேகம்) ஏற்றுவதுதான். எக்ஸ்ட்ரூடர் என்பது பேரல் என்ற சூடான உருளைக்குள் ஸ்க்ரூவைச் சுற்றி, பிளாஸ்டிக் குருணையை உருக்கி, டை என்ற அச்சு வழியே வெளியே தள்ளும் மெஷின். கொஞ்ச நேரம் அவுட்புட் ஏறும். பிறகு ஆம்பியர் முள் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும், பைப் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், ஃபிலிமில் பபிள் (ஊதிய பிளாஸ்டிக் குழல்) மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். மூல காரணம் அப்படியே இருக்கும். அது பல நேரம் மோட்டாரிலும் இல்லை, டையிலும் இல்லை. குருணை கொட்டும் ஹாப்பருக்குக் கீழே, ஸ்க்ரூவின் முதல் ஐந்தாறு மரைகளுக்குள், குருணைக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் உராய்வில்தான் இருக்கிறது.

சேலம் சுற்றுவட்டாரத்தில் சொட்டுநீர் டியூப், எச்டிபிஇ (கெட்டியான ரகப் பாலிஎத்திலீன்) பைப், ஃபிலிம், சாக்கு டேப் ஓட்டும் சிங்கிள் ஸ்க்ரூ மெஷின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கணக்குக்கெல்லாம் 65 மி.மீ. ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மெஷின் வேறு அளவு என்றால் அளவுகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

யார் பிடிக்கவேண்டும், யார் விடவேண்டும்

ஒரு போல்ட்டைச் சுற்றுங்கள். அதில் இருக்கும் நட்டை விரலால் பிடித்தால் நட்டு முன்னே நகரும். பிடிக்காமல் விட்டால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும், ஒரு மி.மீ. கூட நகராது. எக்ஸ்ட்ரூடரில் நட்டு என்பது ஹாப்பரிலிருந்து விழுந்து இறுகிய குருணைக் கட்டி. அதைப் பிடிக்கும் விரல் பேரலின் உள்சுவர்.

ஆக, குருணை பேரலில் அதிகமாக உராயவேண்டும், ஸ்க்ரூவில் குறைவாக உராயவேண்டும். இரண்டும் சமமானால் இழுவை மோசமாகும். தலைகீழானால் குருணை ஸ்க்ரூவோடு ஒட்டிச் சுற்றும், முன்னே போகாது. டார்னெல், மோல் என்ற இருவர் 1956-ல் இதைக் கணக்காக எழுதி வைத்தார்கள். இன்றும் ஸ்க்ரூ டிசைன் செய்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: கட்டிக்குள் அழுத்தம் ஒவ்வொரு மரைக்கும் கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் உராய்வு துளி மாறினாலும் நாலாவது, ஐந்தாவது மரையில் அது பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, எதையும் மாத்தல" என்று ஆபரேட்டர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மாறியது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

இதில் இன்னொரு சிக்கல், உராய்வு நிலையான எண் இல்லை. சூடு, அழுத்தம், வேகம், இரும்பின் வழவழப்பு, குருணை மேலே படிந்திருக்கும் மெழுகு, ஈரம் என்று எல்லாமே அதை மாற்றும். பாலிஎத்திலீன் குருணை சூடாக ஆக மென்மையாகி இரும்பைக் கவ்வும். உருகத் தொடங்கியதும் பேரல் சுவரில் மெல்லிய படலம் உருவாகும். அதன்பின் கட்டியைப் பிடிப்பது காய்ந்த உராய்வு இல்லை, அந்தப் படலத்தின் பிசுபிசுப்பு.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் மெஷின் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று தெரியாமல் குறைகிறதா என்று சொல்லமுடியாது. மீட்டரிங் பகுதியில் (ஸ்க்ரூவின் டை பக்கக் கடைசிப் பகுதி) மரைப் பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) ஸ்க்ரூ விட்டத்துக்குச் சமம் என்றால், சுற்றுக்கு நகரும் உருகின கன அளவு தோராயமாக இப்படி வரும்: 1.43 × விட்டம் × விட்டம் × ஆழம், எல்லாம் செ.மீ.யில். 1.43 × 6.5 × 6.5 × 0.3 போட்டால் சுமார் 18 கன செ.மீ. உருகிய எல்டிபிஇயின் (மென்மையான ரகப் பாலிஎத்திலீன்) அடர்த்தி 0.77 என்று வைத்தால் சுற்றுக்கு 14 கிராம். 60 ஆர்பிஎம்மில் மணிக்கு 50 கிலோ.

டை அழுத்தத்தால் இதில் கொஞ்சம் கழியும். ஸ்க்ரீன் (டைக்கு முன் உள்ள வலை வடிகட்டி) புதிதாக இருந்து, டை அழுத்தமும் வழக்கம்போல இருந்து, அப்படியும் கணக்கில் வருவதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஃபீடிங் பக்கம் பார்வையைத் திருப்புங்கள். ஸ்க்ரூ தேய்ந்திருந்தாலும் அவுட்புட் குறையும். ஆனால் தேய்மானம் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும், ஒரே ஷிஃப்டில் விழாது.

இதே ஸ்க்ரூவின் ஃபீட் பகுதி (ஹாப்பருக்குக் கீழுள்ள தொடக்கப் பகுதி) ஆழம் 10 மி.மீ. என்றால், ஒரு மரைக்குள் சுமார் 100 கன செ.மீ. இடம் இருக்கும். ஒரு லிட்டர் மக்கில் குருணையைத் தட்டாமல் கொட்டி எடை போடுங்கள். புதுக் குருணை 530 முதல் 600 கிராம் வரும். அப்படியானால் ஒரு மரைக்குள் சுமார் 55 கிராம். நமக்கு வேண்டியது சுற்றுக்கு 14 கிராம். அதாவது ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றும்போது குருணைக் கட்டி கால் பிட்ச் நகர்ந்தால் போதும், மீதி முக்கால் வழுக்கினாலும் மெஷின் நிறைவாக ஓடும்.

உடைத்த பைப் சில்லு லிட்டருக்கு 400 கிராம் என்றால் ஒரு மரையில் 40 கிராம். பிட்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகரவேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியும். ஃபிலிம் கழிவை அப்படியே வெட்டிப் போட்டால் லிட்டருக்கு 100 கிராம்கூடத் தேறாது. மரை முழுக்க நிரம்பி, துளியும் வழுக்காமல் முன்னே போனால்கூட 10 கிராம்தான். 14 கிராமுக்கு வழியே இல்லை. உராய்வை எப்படி மாற்றினாலும் இது தீராது. அந்த மெட்டீரியலை அக்ளோ மெஷினில் (கழிவைச் சூடாக்கிச் சுருட்டும் மெஷின்) போட்டுச் சின்னக் கட்டிகளாக்கவேண்டும், அல்லது ஹாப்பரில் அழுத்தித் தள்ளும் க்ராமர் வைக்கவேண்டும். ஒரு மக்கும் தராசும் இருந்தால் இந்த முடிவு ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். இதைச் செய்யாமல் ஹீட்டரோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஹாப்பரா, ஸ்க்ரூவா

அடுத்து, குறை எங்கே என்று பிரிக்கவேண்டும். மெஷின் ஓடும்போது ஹாப்பர் ஓரமாக நின்று, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் (ஹாப்பர் பேரலோடு சேரும் வாய்) பாருங்கள். நேர் மேலே தலை நீட்டாதீர்கள், அடைப்பு திடீரென்று விடும்போது சூடான காற்றும் குருணையும் மேலே பீறிடும்.

மரை வெறுமையாகச் சுற்றுகிறது, மேலே குருணை வளைவு கட்டி நிற்கிறது என்றால் குருணை ஸ்க்ரூவுக்கு வந்தே சேரவில்லை. அது குருணைக்கும் குருணைக்கும் இடையிலான உராய்வு, ஹாப்பர் சரிவு, அல்லது தொண்டைச் சூடு. ஹாப்பரை வெளியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் கடகடவென இறங்கும். இவிஏ போன்ற மென்மையான குருணைகளில் இது அடிக்கடி நடக்கும்.

மரை நிறைய குருணை இருக்கிறது, ஆனால் அதே குருணை திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்றால் பேரல் பிடிப்பு போய்விட்டது. கலர் குருணை நாலைந்தைத் தொண்டையில் போட்டுப் பாருங்கள். நல்ல இழுவையில் சில சுற்றுகளில் மறைந்துவிடும். மறையாமல் கண்ணுக்கு முன்னே வந்து வந்து போனால் சந்தேகமே வேண்டாம்.

கையை விடாதீர்கள், ஸ்க்ரூ சுற்றும்போது எந்தக் கம்பியையும் விடாதீர்கள். குத்தியே ஆகவேண்டும் என்றால் மெயினை ஆஃப் செய்து, மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ மட்டும்.

ஆம்பியர் ஹண்டிங்கும் (முள் ஆடுவதும்) துப்பு கொடுக்கும். 60 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஒரு சின்னத் துடிப்பு இருந்தால் அது ஸ்க்ரூ சுற்றும் தாளம், விட்டுவிடலாம். ஹீட்டர் கான்டாக்டர் அடிக்கும் நேரத்தோடு ஒத்துப் போனால் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் பிரச்சினை. இரண்டோடும் ஒட்டாமல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று தாறுமாறாக விழுந்து எழுந்தால் ஃபீட் பகுதியில் கட்டி உடைந்து உடைந்து சேர்கிறது என்று பொருள்.

தொண்டைத் தண்ணீர்

ஹீட்டர் செட்டிங்கைத் தொடும் முன் தொண்டை ஜாக்கெட்டை (தொண்டையைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை) பாருங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. சேலத்தில் போர்வெல் தண்ணீர் ஓட்டும் யூனிட்டுகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். மேக்னசைட் பூமி இது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ஜாக்கெட்டுக்குள்ளும் படிகிறது. வெளியே வால்வு முழுக்கத் திறந்திருக்கும், தண்ணீரும் வரும். ஆனால் உள்ளே உப்பு ஓடு சூட்டைக் கடத்தாது, தொண்டை 80 டிகிரிக்குப் போய் நிற்கும்.

தொண்டை சூடானால் குருணை அங்கேயே மென்மையாகி ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்க்ரூ அடிப்பகுதியிலும் (மரைகளுக்கு நடுவே உள்ள தண்டு) ஒட்டும். பேரல் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஸ்க்ரூ பிடித்துவிடுகிறது.

இன்ஃப்ராரெட் கன்னை தொண்டை இரும்பில் காட்டுங்கள். பளபளக்கும் இரும்பில் அது தப்பாகக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பாருங்கள். 40 முதல் 50 டிகிரி இருந்தால் பாலிஎத்திலீனுக்கும் பிபிக்கும் (பாலிபுரொப்பிலீன்) சரி. 40-க்குப் பக்கத்தில் உள்ளங்கை வைத்தால் வெதுவெதுப்பு, 50-ல் சுடும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். தொண்டை சூடாக இருந்து தண்ணீரில் வித்தியாசமே இல்லையென்றால் உப்பு ஓடுதான். ஜாக்கெட் சுத்தமாக இருக்கும்போதே 10 லிட்டர் பக்கெட் எத்தனை விநாடியில் நிறைகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் குழாய் அடைவது முன்கூட்டியே தெரியும்.

உப்பை எடுக்க: மெஷினை நிறுத்தி ஆறவிடுங்கள். ஜாக்கெட்டின் இரு முனைகளையும் மெயின் லைனிலிருந்து கழற்றி, சின்ன பம்ப் ஒன்றோடு ஒரு டிரம்மில் இணையுங்கள். 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 கிலோ சிட்ரிக் அமிலம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு கலக்குங்கள். மூன்று நான்கு மணி நேரம் சுற்றவிடுங்கள். நுரைப்பது நின்றதும் கரைசலை இறக்கி, நல்ல தண்ணீரில் அலசி இணையுங்கள். தீவிர அமிலம் வேண்டாம், இரும்பையே தின்றுவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் தொண்டைக்கும் கியர் பாக்ஸுக்கும் சேர்த்து, மென்மையாக்கிய தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன மூடிய லைன் போட்டுவிடுங்கள். 

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஃபிலிம் யூனிட்டுகளில் சில்லர் லைன் பக்கத்திலேயே ஓடுவதால் தொண்டையையும் அதில் கோத்துவிடுகிறார்கள். 10, 12 டிகிரி தண்ணீர். சித்திரை வெயிலில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த இரும்பும் வியர்க்கும். தொண்டையின் உள்சுவர் நனைந்து, குருணையும் நனைந்து, ஃபீட் பகுதியில் தண்ணீரே மசகாகிவிடும். சேர்வராயன் மலையடிவாரத்தில் மழைக்காலக் காலை ஷிஃப்டில் மட்டும் இழுவை குறைந்து, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிறது என்றால் முதலில் தொண்டை வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் சில்லர் லைனைக் கழற்றிவிட்டு கூலிங் டவர் தண்ணீர் கொடுங்கள்.

முதல் ஜோன் சூடு: ஊகிக்காதீர்கள், தேடுங்கள்

முதல் ஜோனை (பேரலில் தொண்டைக்கு அடுத்த ஹீட்டர் பகுதி) குறைவாக வைத்துப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்று பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வழவழப்பான பேரலில் இது பல நேரம் தப்பு. பேரல் பிடிப்பு அதிகமாக இருக்கவேண்டிய இடமே அதுதான். அங்கே சுவர் குளிர்ந்திருந்தால் குருணை வழுக்கும். ரொம்பச் சூடானாலோ சுவரில் உருகும் படலம் நீர்த்துப்போய்ப் பிடிப்பை விட்டுவிடும், சூடும் தொண்டை வரை ஏறிவரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உச்சம் இருக்கிறது. அது மெட்டீரியலுக்கு மெட்டீரியல், ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ மாறும்.

தேடத் தொடங்கும் முன் தெர்மோகப்பிள் நுனி இரும்பைத் தொட்டு உட்கார்ந்திருக்கிறதா, பேண்ட் ஹீட்டர் இறுக்கமாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நுனி காற்றில் தொங்கினால் நீங்கள் படிக்கும் எண் பேரலின் சூடு இல்லை. ஸ்க்ரீனைப் புதிதாக மாற்றுங்கள். ஆர்பிஎம், மற்ற ஜோன்கள், டை எதையும் தொடவேண்டாம். மெட்டீரியல் ஒரே லாட் ஆக இருக்கட்டும்.

எல்டிபிஇக்கு 140-லிருந்து 180 வரை, எச்டிபிஇக்கு 160-லிருந்து 200 வரை, பிபிக்கு 180-லிருந்து 220 வரை, 10 டிகிரி படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 20 முதல் 30 நிமிடம் பொறுங்கள். கண்ட்ரோலர் எண்ணைத் தொட்டுவிட்டது என்பதால் பேரல் முழுவதும் தொட்டுவிட்டது என்று ஆகாது. பிறகு ஒரு நிமிடம் வெளியே வருவதை மூன்று முறை எடை போடுங்கள். ஆம்பியரின் குறைந்த அளவு, கூடிய அளவு. மெல்ட் பிரஷர் இருந்தால் அதற்கும் அப்படியே. ஒரு நோட்டில் ஐந்து வரி.

அந்த ஐந்து வரியைப் பார்த்தால் எடை ஏறி, ஒரு படியில் நின்று, பிறகு இறங்குவது தெரியும். எடை உச்சமாக இருக்கும் படியையும் ஆட்டம் குறைவாக இருக்கும் படியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஆட்டம் குறைந்த படியையே எடுங்கள். மணிக்கு ஒரு கிலோ கூடுதலாக வருவதைவிட, சொட்டுநீர் டியூபின் சுவர் ஒரே கனமாக வருவது முக்கியம். முடிவு செய்த எண்ணை கிரேடு பெயரோடு பேனல் கதவில் ஒட்டிவிடுங்கள். வேறு கிரேடு வந்தால் தேடலை மறுபடி செய்யவேண்டும்.

மெட்டீரியல் பக்கம்

ஸ்லிப் சேர்த்த ஃபிலிம் கிரேடுதான் முதல் சந்தேகம். எரூகமைடு போன்ற ஸ்லிப் குருணைக்குள் அடங்கி இருக்காது, மெல்ல மேலே வந்து படியும். ஃபிலிமில் வழுக்கல் வேண்டும் என்று போடுவது ஃபீட் பகுதியிலும் வழுக்கத்தான் செய்யும். 5 சதவீத ஸ்லிப் மாஸ்டர்பேட்சை (ஸ்லிப்பைச் செறிவாகக் கலந்த குருணை) 1 முதல் 2 சதவீதம் போட்டால் ஃபிலிமில் 500 முதல் 1000 பிபிஎம். குருணையிலேயே ஸ்லிப் இருப்பது தெரியாமல் மேலும் மாஸ்டர்பேட்ச் போடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. சப்ளையர் தரும் டேட்டா ஷீட்டில் "ஸ்லிப்" என்ற வரியைப் படித்துவிட்டு டோஸ் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கலர் பவுடர் ஒட்டுவதற்காக ஊற்றும் வெள்ளை ஆயில். 25 கிலோவுக்கு 25 மில்லிக்கு மேல் போகவேண்டாம். கையளவில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்தி, அளவுக் குவளை ஒன்று வாங்கி வையுங்கள். ஜிங்க் ஸ்டியரேட்டும் இதே ரகம். மிக்சரில் "நல்லா பரவட்டும்" என்று கூடுதலாகப் போட்டது பேரல் சுவரில் படிந்துவிட்டால், நல்ல மெட்டீரியல் போட்ட பிறகும் பல மணி நேரம் இழுவை திரும்பாது. அப்போது ஸ்லிப் இல்லாத, கொஞ்சம் கனமான கிரேடு எச்டிபிஇயை 10, 15 கிலோ ஓட்டிச் சுவரைத் துடைத்தெடுக்கவேண்டும்.

மூன்றாவது தூசி. கிரைண்டர் பிளேடு மழுங்கினால் வெட்டாது, கிழிக்கும். தூசியும் நூல் நூலாக வாலும் வரும். தூசி குருணையைவிட வெகு சீக்கிரம் உருகி ஸ்க்ரூ அடியில் பூசிக்கொள்ளும், வால் ஹாப்பரில் கூடு கட்டும். 1 கிலோ எடுத்து 1 மி.மீ. சல்லடையில் சலித்துப் பாருங்கள். 5 கிராமுக்கு மேல் தூசி விழுந்தால் பிளேடைச் சாணை பிடியுங்கள். கிரைண்டர் சல்லடை ஓட்டை 6 முதல் 8 மி.மீ. போதும்.

லாட் மாறும்போது உராய்வு மாறுகிறதா என்று பார்க்க லேப் வேண்டியதில்லை, ஒரு சரிவுச் சோதனை போதும். 5 செ.மீ. சதுரப் பிளைவுட் துண்டு ஒன்றில் இருபக்க டேப் ஒட்டி, அதில் குருணையை ஒரே அடுக்காக நெருக்கி அழுத்துங்கள். உருளாமல் ஒட்டியிருப்பது முக்கியம், உருண்டால் நீங்கள் உராய்வை அளக்கவில்லை. வழவழப்பான ஸ்டீல் தகட்டைத் தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். துண்டைக் குருணைப் பக்கம் கீழே வைத்து, மேலே அரைக் கிலோ எடைக்கல். தகட்டின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். வழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தூக்கிய உயரத்தையும் தரையில் அடியின் நீளத்தையும் அளந்து வகுத்துவிடுங்கள். அடி 50 செ.மீ., உயரம் 15 செ.மீ. என்றால் 0.30. ஒவ்வொரு முறையும் தகட்டைத் துடைத்துவிட்டு ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். துடைக்காவிட்டால் முதல் முறை வழுக்கியபோது ஒட்டிய ஸ்லிப்பே அடுத்த முறை குறைவாகக் காட்டும்.

இது குளிர்ந்த நிலையில், குறைந்த அழுத்தத்தில் எடுத்த எண். பேரலுக்குள் இருப்பதை இது சொல்லாது. ஆனால் நன்றாக ஓடிய லாட்டுக்கும் புது லாட்டுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், மெஷின் நடத்தை மாறும் என்று எதிர்பார்த்துத் தயாராகலாம். சாக்கைப் பிரித்து லைனில் போட்டபின் திண்டாடுவதைவிட இது மேல்.

குருணையின் சூட்டையும் மறக்காதீர்கள். சேலத்து மே மாதத் தகரக் கொட்டகையில் அடுக்கிய சாக்குக்கும் மார்கழி விடியலில் பிரித்த சாக்குக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். இரவு ஷிஃப்டில் எப்போதும் கிராம் குறைகிறது என்று ஆபரேட்டர்மேல் குறை சொல்லும் முன், ஹாப்பரில் தெர்மாமீட்டரைச் சொருகிப் பாருங்கள். அன்றைக்கு வேண்டிய சாக்கை முந்தின நாளே லைன் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்குவது பாதியைத் தீர்க்கும். ஹாப்பர் டிரையர் இருந்தால் எல்டிபிஇக்கு 50 முதல் 60 டிகிரி வைத்தால் மீதியும் தீரும்.

ஸ்க்ரூ பக்கம்

பேரல் பிடிப்பைப் பற்றியே பேசுகிறோம். ஸ்க்ரூ விடவேண்டும் என்பது மறந்துபோகிறது. ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஃபீட் பகுதியின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டிய படலம் இருந்தால், துருப் புள்ளிகள் சொரசொரத்தால், அங்கே உராய்வு கூடியிருக்கிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற மெஷின்களில் துரு கட்டாயம் இருக்கும். படலத்தைப் பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். 400, பிறகு 600 எமரித் தாளால் மரை ஓடும் திசையிலேயே தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். குறுக்கே தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் குருணையைப் பிடித்துக்கொள்ளும். அதே ஆர்வத்தில் பேரலின் ஃபீட் பகுதியையும் பாலிஷ் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். துடைத்தால் போதும்.

ஸ்க்ரூவின் நடுவில் துளை இருந்தால், முதல் மூன்று முதல் ஐந்து விட்ட நீளத்துக்கு மட்டும் மெல்லத் தண்ணீர் ஓடவிடுவது அடிப்பகுதி ஒட்டலைக் குறைக்கும். குழாயை அதற்கு மேல் உள்ளே விட்டால் உருகும் பகுதியும் குளிர்ந்து அவுட்புட் விழும்.

க்ரூவ் (பள்ளம்) வெட்டிய ஃபீட் புஷ் (ஃபீட் பகுதியில் பேரல் சுவராக மாட்டும் உறை) பற்றி இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். எச்டிபிஇ, குறிப்பாக எச்எம் (ஹை மாலிக்யூலர் ரகம்) ஃபிலிமுக்கு அது அருமையான தீர்வு. பேரல் பிடிப்பை உராய்வின் கையில் விடாமல் பள்ளமே குருணையைப் பிடித்துக்கொள்ளும், அவுட்புட் மேலே போட்ட கணக்கைத் தாண்டும். ஆனால் 3:1 கம்ப்ரஷன் (ஃபீட் ஆழத்துக்கும் மீட்டரிங் ஆழத்துக்கும் உள்ள விகிதம்) இருக்கும் பழைய ஸ்க்ரூவோடு வெறும் புஷ்ஷை மட்டும் மாட்டாதீர்கள். உள்ளே 1000 பார் வரை அழுத்தம் ஏறக்கூடும். ஸ்க்ரூ, கியர் பாக்ஸ், மோட்டார் மூன்றும் அதற்கென்றே இருக்கவேண்டும். க்ரூவ் புஷ்ஷுக்கு முதல் ஜோன் தத்துவம் தலைகீழ்: அங்கே நன்றாகக் குளிரவைக்கவேண்டும். சூடானால் பள்ளத்தில் மெட்டீரியல் உருகி நிரம்பி, வழவழப்பான பேரலாகிவிடும்.

கரண்ட் போனால்

ஃபீட் பகுதிக்கு ஷிஃப்டிலேயே ஆபத்தான நேரம் இது. ஸ்க்ரூ நிற்கும், தண்ணீர் பம்பும் நிற்கும். ஆனால் பேரலில் சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூடு ஸ்க்ரூ வழியே தொண்டைக்கு ஊர்ந்து வந்து, மரைக்குள் நிற்கும் குருணையை ஸ்க்ரூ அடியோடு இறுக்கிவிடும். கரண்ட் வந்து ஸ்டார்ட் செய்தால் அந்தக் கட்டி ஸ்க்ரூவோடு சுற்றும். ஆபரேட்டர் ஆர்பிஎம் ஏற்றுவார், அது இன்னும் சூடாகி இறுகும்.

இதற்குப் பெரிய செலவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொண்டைக்கு மட்டும் தனியாக ஒரு லைன், பம்ப் நின்றால் திறக்க ஒரு வால்வு. 500 லிட்டர் தொட்டி நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 100 நிமிடம் தாங்கும். கரண்ட் போன உடனே ஹாப்பர் ஸ்லைடை மூடிவிட்டு அந்த வால்வைத் திறப்பது ஆபரேட்டரின் முதல் வேலையாக இருக்கட்டும், சூப்பர்வைசரைக் கூப்பிடுவது இரண்டாவது.

கரண்ட் திரும்பியதும் ஜோன்கள் செட்டிங்கைத் தொட்ட பின்னும் அரை மணி பொறுங்கள். ஸ்லைடு மூடியபடியே 10 ஆர்பிஎம்மில் ஓட்டி மரைக்குள் இருப்பதை வெளியேற்றுங்கள். டைக்கு நேரே யாரும் நிற்கவேண்டாம். மெட்டீரியல் சீராக வர ஆரம்பித்ததும் ஸ்லைடைக் கால் பங்கு திறந்து, ஆம்பியர் நிலைத்த பிறகு பாதி, பிறகு முழுவதும். திறந்த பிறகும் கலர் குருணை தொண்டையிலேயே சுற்றினால் கட்டி விடவில்லை. அப்போது மறுபடி ஸ்லைடை மூடி, முதல் ஜோனை மட்டும் 10 டிகிரி ஏற்றி, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்க்ரூவைச் சூடாக இருக்கும்போதே வெளியே எடுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். ஆறிய பிறகு அது இரண்டு மடங்கு வேலை.